ஆடி மாதத்து வேப்பெண்ணெய்

கும்மிடிப்பூண்டி வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு அமர்ந்தாலும் எந்த நிலையத்தைக் கடக்கிறோம் என்பதை ஃப்ளோரன்ஸ் சொல்லிவிடுவார். இராயபுரத்தில் பச்சை மீனும் பனிக்கட்டித் தண்ணீரும். கொருக்குப்பேட்டையில் சரக்குப் பெட்டிகளின் துருவும் கிரீஸும். திருவொற்றியூர் வந்ததென்றால், காற்று கிழக்கிலிருந்து வீசும் நாளில் உப்பு, மேற்கிலிருந்து வீசும் நாளில் ஆலைப் புகை. எண்ணூரையும் தாண்டி வள்ளூர்ப் பக்கம் போனால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் மூக்கோடு நில்லாமல் நாக்கிலும் படியும் என்பார். அவருடைய கணவர் சாலமன் ரயில்வேயில் வேலை செய்பவர். "ஒன் மூக்குக்குத் தனியா ஒரு சீசன் டிக்கெட் எடுக்கணும்டி. டி.டி.ஆர் புடிச்சா நான் ஜவாப்தாரி இல்ல," என்று அவர் பலமுறை சொன்னதுண்டு.

ஃப்ளோரன்ஸ் கல்மண்டபத்தில், துறைமுகச் சாலையை ஒட்டிய சந்தொன்றில் பிறந்தவர். தந்தை துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். மகள் பாலிடெக்னிக்கில் வேதிப் பொறியியல் டிப்ளமோ முடித்து, தண்டையார்பேட்டையில் அப்போது இருந்த வனஸ்பதி ஆலை ஒன்றில் சேர்ந்தார். நிக்கல் என்னும் உலோகம் அவருக்கு அறிமுகமானது அங்கேதான். கரிய பொடியாக எண்ணெயில் இறங்கி, எண்ணெயையும் ஹைட்ரஜனையும் இணைத்துவிட்டு, தான் ஏதும் குறையாமல் வெளியே வந்துவிடும் அதன் இயல்பு அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இரு வீட்டாரையும் பேசி முடித்து மணம் கூட்டிவைத்தபின் விருந்துக்கும் நில்லாமல் அடுத்த தெருவுக்குப் போய்விடும் தரகரைப் போல என்று அதை அவர் விளக்குவார். ஓடும் எண்ணெயை உறையவைக்கும் அந்த வேலையை ஆலை மூடப்படும் வரையில் அவர் செய்தார்.

பிறகு அழைப்பு வந்தது செல்வநாதனிடமிருந்து. அவர் திருவொற்றியூர்த் தொழிற்பேட்டையில் கொதிகலன்களுக்கான மலிவெண்ணெய் விற்று நிமிர்ந்தவர். மூடப்பட்ட ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து பழைய இயந்திரத் தொகுதி ஒன்றை வாங்கிப்போட்டிருந்தார். உண்ண உதவாத விதை எண்ணெய்களை டீசலாக மாற்றும் தொகுதி அது. "ஒனக்கு நிக்கல் தெரியுமாமே. வந்து பாரு. ஓடுனா நம்ம ரெண்டு பேருக்கும் நல்லது. ஓடலன்னா எடைக்குப் போட்டுடலாம்," என்றார். ஃப்ளோரன்ஸ் வந்தார், பார்த்தார், எடைக்குப் போடும் பேச்சு அன்றோடு நின்றது.

அத்தொகுதியின் நடுவில் ஆள் உயரத்துக்கும் மேலாக ஓர் எஃகுத் தூண் நிற்கிறது. அதனுள் சிறு சிறு மணிகளாக நிக்கலும் மாலிப்டினமும் ஏறிய வினையூக்கி அடுக்கப்பட்டிருக்கிறது. சூடேற்றிய எண்ணெயும் அழுத்தமான ஹைட்ரஜனும் மேலிருந்து ஒன்றாக இறங்குகின்றன. மணிகளின் மேல் அவை சந்திக்கும்போது எண்ணெயில் ஒட்டியிருக்கும் ஆக்சிஜன் கழன்று பெரும்பாலும் நீராகப் போகிறது. எஞ்சுவது படகு என்ஜினும் லாரி என்ஜினும் வேற்றுமை பாராமல் ஏற்கும் தெளிந்த எரிபொருள். வனஸ்பதி ஆலையில் எண்ணெயை உறையச் செய்த உலோகமே இங்கே அதை ஓடச் செய்கிறது. இருபது ஆண்டு ஒரு திசையில் இழுத்த தேரை இப்போது மறு திசையில் இழுப்பதாக ஃப்ளோரன்ஸ் மகிழ்ந்தார்.

எண்ணெய் மூன்று வகையாக வந்தது. கடலோரத்துப் புன்னையின் கொட்டைகளிலிருந்து பிழிந்தது ஒன்று. நெய்தல் நிலத்துக்குப் பழைய செய்யுள்கள் உரிமையாக்கிய மரம் அது. சாலையோரத்துப் புங்கம் ஒன்று. உள்நாட்டு ஊர்களிலிருந்து வந்த வேம்பு ஒன்று. பீப்பாய்களை இறக்கி, மேல் கசடை வடித்து, கலவைத் தொட்டியில் ஊற்றுவது கோதண்டத்தின் பொறுப்பு. அவர் தொழிற்பேட்டைச் சுவருக்கு அப்பால் உள்ள மீனவர் குப்பத்துக்காரர். தோளில் அடிபட்டுக் கடலை விட்டவர். ஃப்ளோரன்ஸைவிட வயதில் மூத்தவராயினும் அவரை மேடம் என்றே அழைப்பார்; அந்தச் சொல்லில் பாதி மரியாதையும் பாதி கேலியும் இருக்கும்.

இம்மணிகளுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மேலே கந்தகத்தைப் போர்த்திக்கொண்டால்தான் அவை வேலை செய்யும். கந்தகம் கழன்றுவிட்டால் சோர்ந்துவிடும். அதற்காகத் தொடக்கத்தில் ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணெயில் கலந்தார்கள். அது நீலநிற டிரம்மில் வந்தது. மூடியைத் திறந்தால் அழுகிய பூண்டும் அழுகிய முட்டையும் சேர்ந்து நாறும். குழாயோ பழையது, இணைப்புகளோ கசிபவை. காற்று குப்பத்தை நோக்கித் திரும்பிய ஒரு காலையில், குழந்தைகள் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தன.

அன்று வாசலில் வந்து நின்ற பெண்களுக்கு முன்னால் நீலா நின்றார். சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருப்பவர். மீன் ஏலத்தில் அவர் குரல் எழுந்தால் மற்றவர்கள் தங்கள் குரலைச் சற்றே இறக்கிக்கொள்வார்கள்.

"இன்னாக்கா ஊத்துறீங்க உள்ள? பூண்டு அழுவ வெக்கிறீங்களா, பொணத்த அழுவ வெக்கிறீங்களா?" என்றார்.

"மருந்தும்மா. மெசினுக்குக் குடுக்குற மருந்து," என்றார் ஃப்ளோரன்ஸ்.

"மெசினுக்கு மருந்து, எங்க புள்ளைங்களுக்கு வாந்தியா? நல்லா கீதே நாயம்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள்; ஆனால் ஒருவரும் நகரவில்லை. ஃப்ளோரன்ஸ் விளக்கம் சொல்ல முயலவில்லை. அந்த நாற்றம் எத்தகையது என்பதை அவர் மூக்கே அவருக்குச் சொல்லியிருந்தது.

"இனிமே இந்த நாத்தம் ஒங்க பக்கம் வராது. வந்தா கல்மண்டபத்துல என் வூட்டு வாசல்ல வந்து நில்லு."

"அவ்ளோ தூரம் யாரு வர்றது? வந்துச்சின்னா நீதான் எங்க குப்பத்துக்கு வந்து ஒக்காந்து மோந்துகினு இருக்கணும்."

"சரி. வந்து ஒக்கார்றேன்."

நீல டிரம் அன்றே மூடி இறுக்கப்பட்டு மூலைக்குப் போயிற்று. மருந்து இல்லாமல் மணிகள் சோர்ந்துவிடும் என்று அஞ்சிய செல்வநாதன் நாள்தோறும் வந்து கண்ணாடிக் குப்பியில் எரிபொருளைப் பிடித்துப் பார்த்தார். அது தெளிவாகவே வந்தது. மாதங்கள் சென்றன, தெளிவு குறையவில்லை. ஒருமுறை ஏறிய கந்தகம் நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று இருவரும் முடிவு செய்தார்கள். அந்த முடிவைச் சோதித்துப் பார்க்கும் தேவை எவருக்கும் எழவில்லை.

நாற்றம் நின்றதை நீலா மறக்கவில்லை. ஒரு நாள் தாமாகவே உள்ளே வந்து, குப்பியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார். "சொன்ன சொல்ல காப்பாத்துன ஆளு எண்ணெயில கலப்படம் பண்ணமாட்டாங்க. ஆடி கழிஞ்ச மறுநாளு என் போட்டுல ஊத்து. ரஞ்சித்து ஓட்டட்டும்," என்றார். ரஞ்சித் அவருடைய தம்பி, படகைச் செலுத்துபவர். குப்பம் முழுவதும் இந்த எரிபொருளுக்கு மாறுமா மாறாதா என்பது அந்த ஓர் ஓட்டத்தில் தெரிந்துவிடும். செல்வநாதன் அதற்காகத்தான் காத்திருந்தார்.

ஆடி பிறந்தது. குப்பத்து அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டினார்கள். சந்துதோறும் வேப்பிலைத் தோரணம் ஏறியது. தொழிற்பேட்டை வாயிலிலும் யாரோ ஒரு கொத்துச் செருகிவிட்டுப் போனார்கள். அம்மாதம் நடுப்பகுதியை எட்டியபோது எரிபொருள் கலங்கத் தொடங்கிற்று.

முதலில் மிக மெல்லிய மங்கல். பின்பு குப்பியின் அடியில் வெண்மையான மெழுகு. ஃப்ளோரன்ஸ் விரலில் தொட்டுத் தேய்த்தார். சோப்பின் வழவழப்பு இருந்தது. எண்ணெய் முழுதும் மாறாமல் பாதி வழியிலேயே இறங்கி வருகிறது என்பதன் அடையாளம் அது. இதைப் படகில் ஊற்றினால் கரையைக் கடக்கும் முன்பே வடிகட்டி அடைத்து என்ஜின் நின்றுவிடும்.

ஹைட்ரஜன் அழுத்தத்தைச் சரிபார்த்தார். சூட்டைக் கொஞ்சம் ஏற்றினார், இறக்கினார். புன்னை எண்ணெயின் பிசினை மறுபடியும் கழுவச் செய்தார். ஒன்றும் பலிக்கவில்லை. மணிகள்தாம் சோர்கின்றன என்பது தெளிவாயிற்று.

செல்வநாதன் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"டிரம்ம தொற, ஃப்ளோரன்ஸ்."

"தொறந்தா நீலா போட்டு தரமாட்டா, சார்."

"தொறக்கலன்னா போட்டுல ஊத்த எண்ணெயே கெடையாது. ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"நான் அவங்களுக்கு வாக்கு குடுத்துருக்கேன்."

"எனக்கு மட்டும் ஆசையா? ஆடி முடியறதுக்குள்ள சரியாச்சின்னா ஓகே. இல்லன்னா மணிய வழிச்சி எடுத்துட்டு, தூண பழைய இரும்புக்காரன்கிட்ட தள்ளிட்டு, நான் பாட்டுக்கு பாய்லர் எண்ணெயே வித்துகினு இருப்பேன். நீ வேற எடம் பாத்துக்கோ. கோச்சிக்காத."

"கோச்சிக்கல சார். ஆடி முடியட்டும்."

ஃப்ளோரன்ஸ் சொன்ன முறையில் கலக்கம் இல்லை. எண்ணெய் தன் குணத்தைத் தானே மாற்றிக்கொள்ளாது. மனிதர் கை பட்டு ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. மாறியதைக் கண்டுபிடித்துவிட்டால் திருப்பி வைத்துவிடலாம். ஃப்ளோரன்ஸின் நம்பிக்கை இவ்வளவு எளிமையானது. அசைக்க முடியாததும் அதனாலேதான்.

அடையாளம் அவர் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. தூணைவிட்டு வெளியேறும் வாயுவைக் கழுவுவதற்கென்று காஸ்டிக் சோடாத் தொட்டி ஒன்று உண்டு. வாயுவில் கலந்துவரும் கந்தக நாற்றத்தைக் காஸ்டிக் கரைசல் உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சி உறிஞ்சி வலுவிழந்ததும் அதை மாற்ற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டிய அந்த வேலையை ஒருவரும் விரும்புவதில்லை. அன்று, மாற்றுவதற்கான நாள் வந்துவிட்டதே என்று ஃப்ளோரன்ஸ் கரைசலைச் சோதித்தார். அது புதிதாக ஊற்றியது போலவே வலுவாக இருந்தது.

வேலை மிச்சம் என்று முதலில் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சி மூடியைத் திருகி முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

கரைசல் கெடவில்லையென்றால் அதனிடம் கந்தகம் வரவில்லை. இதுவரை வந்துகொண்டிருந்தது, நீல டிரம்மை மூடியபிறகும் மாதங்கள் பல வந்துகொண்டேயிருந்தது. ஆகவே டிரம் அல்லாத வேறு ஏதோ ஒன்று, எவரும் அறியாமலே, மணிகளுக்குக் கந்தகத்தை ஊட்டிவந்திருக்கிறது. அந்த ஒன்று இந்த ஆடியில் நின்றிருக்கிறது. புன்னையில் கந்தகம் இல்லை, புங்கத்திலும் இல்லை. வெங்காயத்தையும் பூண்டையும் நினைவூட்டும் நெடி உடையது மூன்றில் ஒன்றே ஒன்று. வேப்பெண்ணெய்.

தம் மூக்கின்மேல் அவருக்குக் கோபம் வந்தது. பீப்பாய்கள் வைக்கும் ஷெட்டில் வேப்பெண்ணெயின் நெடி ஒருநாளும் குறையவில்லையே. விரைந்து ஷெட்டுக்குப் போனார். நெடி குறையாத காரணம் கண்முன்னே நின்றது. வேப்பெண்ணெய்ப் பீப்பாய்கள் எல்லாம் ஒரு பக்கமாக, சுவரோரம், திறக்கப்படாமல் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மஞ்சள் கயிறு. நெற்றியென்று சொல்லத்தக்க இடத்தில் குங்குமம். தரையைக் கழுவி மாக்கோலமும் இட்டிருந்தது.

கோதண்டம் சாக்கை மடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாண்ணா இது?"

"ஆடி மாசம் மேடம்."

"அது தெரியுது. எண்ணெய ஏன் ஊத்தல?"

"அது ஆத்தாளோடது." சாக்கை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "போன வருசம் நர்மதாவுக்கு அம்ம வாத்துது இல்ல? ஒடம்பு பூரா முத்து. கண்ணு போயிடும்னாங்க. வேப்பில மேல படுக்க வெச்சி, ஆத்தாகிட்ட வேண்டிக்கினேன். பொழச்சிதுன்னா ஆடி மாசம் பூரா ஒன் எண்ணெய மெசினுல வுடமாட்டேன், உன் பேருக்கே வெச்சிடறேன்னு. பொழச்சிடுச்சி. அதான் வெச்சிட்டேன். அதுக்குப் பதிலு புங்கம் கூட ஊத்திகினு தான் கீறேன். அளவு கொறயல மேடம். கொறஞ்சா கேளு."

நர்மதா அவருடைய மகள். குற்றம் என்று சுட்ட இங்கே ஒன்றும் இல்லை. எந்த எண்ணெயில் எது இருக்கிறது என்று எவரும் கோதண்டத்துக்குச் சொன்னதில்லை; சொல்ல வேண்டியவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

சுவரோரத்துத் தொட்டிமேல் அமர்ந்து ஃப்ளோரன்ஸ் எல்லாவற்றையும் விளக்கினார். மணிகள், கந்தகம், நீல டிரம், நீலாவுக்குக் கொடுத்த வாக்கு, செல்வநாதன் வைத்த கெடு. கோதண்டம் இடைமறிக்காமல் கேட்டார்.

"அப்போ இத்தினி நாளா அந்த மெசின வாழவெச்சதே ஆத்தாதான்னு சொல்ற."

"அப்படித்தான் வெச்சிக்கோ."

"அப்பகூட வேண்டுதல் வேண்டுதல்தான் மேடம். நீ ஆர்டரு போட்டா நான் தள்ளி நின்னுக்கறேன். என் கையால ஊத்தமாட்டேன்."

ஷெட்டின் சாவி ஃப்ளோரன்ஸிடம்தான் இருந்தது. மறுநாள் கோதண்டத்துக்கு விடுமுறை. நான்கு பீப்பாயை உருட்டிக் கலவைத் தொட்டியில் கவிழ்க்க ஒரு காலைப்பொழுது போதும். அந்த நினைவு வந்தது, நின்றது, சென்றது. தாம் தந்த வாக்கைக் காப்பதற்காகப் பிறர் தெய்வத்துக்குத் தந்த வாக்கை உடைப்பது எவ்வகையில் நேர்மையாகும் என்று தம்மையே கேட்டுக்கொண்டார். புனித இராயப்பர் பெயரில் தம் தாய் நேர்ந்துகொண்ட மெழுகுவர்த்தியை ஒருவன் விளக்குக்கென்று எடுத்துப்போயிருந்தால் அந்த வீடு அவனை எப்படி நினைவில் வைத்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும்.

"நான் ஆர்டரு போடல," என்றார். "நீலாகிட்ட போலாம். வர்றியா?"

நீலா கோயிலுக்கு முன்னால் இருந்தார். மறுநாள் கூழ் ஊற்றும் விழா. கேழ்வரகு மாவு சலித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் அமர்ந்து, எவர் சரியாகச் சலிக்கவில்லை என்பதைப் பெயர் சொல்லி அறிவித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா ஃப்ளோரன்ஸக்கா, ஒக்காந்து மோந்து பாக்க வந்துட்டியா? நாத்தம் ஒண்ணும் வர்லியே," என்றார்.

"வராம இருக்கத்தான் வந்துருக்கேன்."

ஃப்ளோரன்ஸ் மறைக்காமல் சொன்னார். எரிபொருள் கலங்கிவிட்டது. இப்போது இருக்கும் எண்ணெயைப் படகில் ஊற்ற அவர் விடமாட்டார். டிரம்மைத் திறந்தால் சரியாகும், திறக்கவும் மாட்டார். வேப்பெண்ணெய் இருந்தால் போதும், அதுவோ அம்மனுடையது. கோதண்டம் தம் வேண்டுதலைச் சொன்னார். மாவு சலிக்கும் கைகள் எல்லாம் நின்றுவிட்டன.

நீலா எழுந்தார். மாவுக் கையைப் புடைவையில் துடைத்துக்கொண்டே கோதண்டத்தைப் பார்த்தார்.

"யோவ் அண்ணா. பீப்பாய்க்கு கயிறு கட்டிட்ட?"

"கட்டிட்டேன்."

"குங்குமம் வெச்சிட்ட? கோலம் போட்ட?"

"போட்டேன்."

"அப்போ ஆத்தாளுக்குப் படச்சிட்ட. சரி. படச்சத ஷெட்டுல போட்டு பூட்டி வெப்பியா?" அண்டாவைக் காட்டினார். "நாளைக்கி இதுல கூழு காச்சி ஆத்தா முன்னாடி வெச்சி, யாருக்கும் ஊத்தாம அப்பிடியே மூடி வெச்சிட்டு வூட்டுக்குப் போனா, அவ சும்மா வுடுவாளா? படச்சது எல்லாருக்கும் போனாத்தான் படையலு. இல்லன்னா அது பதுக்கலு."

பெண்கள் சிரித்தார்கள். கோதண்டம் விடவில்லை.

"மெசினுக்கு ஊத்துறது எப்பிடி நீலா படையலாவும்?"

"மெசினுக்கா ஊத்துற? மெசினு கரண்டிய்யா. கரண்டியில மோந்தா கரண்டியா குடிக்குது? எண்ணெ போவப்போறது என் போட்டுக்கு. போட்டுல போவப்போறது ஆத்தா புள்ளைங்க. காசிமேட்டுலருந்து எண்ணூரு வரைக்கும் கடலுக்குப் போற அத்தினி பேரும் அவ புள்ளைங்கதான். நீ ஒருத்தன் வேண்டிகினது, அத்தினி பேருக்கும் பிரசாதமா போவட்டுமே. நர்மதா பொழச்சதுக்கு அதவிட இன்னா மொற வேணும்?"

கோதண்டம் கோயிலுக்குள் பார்த்தார். உள்ளே அம்மனுக்கு முன்னால் வேப்பெண்ணெய் விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தபடியே, "ஆத்தா முன்னாடி கொண்டாந்து வெச்சிதான் எடுக்கணும். ஷெட்டுலருந்து நேரா ஊத்தக்கூடாது," என்றார்.

"அதத்தான் நானும் சொல்றேன். மீன்பாடி வண்டிக்கு நான் சொல்லிக்கறேன்."

"பீப்பாயி தொறக்கறப்போ மொத கரண்டி கோயிலு வெளக்குக்கு. அப்புறந்தான் தொட்டிக்கு."

"செஞ்சிடலாம்," என்றார் ஃப்ளோரன்ஸ்.

"தொட்டிகிட்ட செருப்பு போட்டுகினு யாரும் வரக்கூடாது."

"அங்க சேஃப்டி ஷூ இல்லாம வரக்கூடாதுண்ணா."

கோதண்டம் சற்று யோசித்தார். "சரி. ஷூவ கழுவிட்டு வரட்டும்."

"மேடம் நாளைக்கி வந்து கூழு குடிக்கணும். அத நான் சேத்துக்கறேன்," என்றார் நீலா. "கல்மண்டபத்து சர்ச்சுல ஒண்ணும் சொல்லமாட்டாங்களே?"

"கருவாட்டுக் கொழம்பு உண்டா?"

"கருவாட்டுக் கொழம்பு இல்லாம கூழா?"

"அப்போ யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

மறுநாள் முற்பகலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டிகள் தொழிற்பேட்டை வாயிலில் வந்து நின்றன. பீப்பாய்கள் மஞ்சள் கயிற்றோடும் குங்குமத்தோடும் ஏறின. கரகம் எடுத்த பெண்களுக்குப் பின்னால், பம்பை ஓசைக்கு நடுவே, நிக்கல் தூணின் உணவு வீதிவலம் வந்தது. செல்வநாதன் ஒரு கையில் கைக்குட்டையும் மறுகையில் கைப்பேசியுமாக ஓரமாக நடந்தார். "ஃப்ளோரன்ஸ், இத நான் எந்தக் கணக்குல எழுதறது?" என்று கேட்டார். "போக்குவரத்துன்னு போட்டுக்கோங்க சார்," என்றார் ஃப்ளோரன்ஸ். அம்மன் முன்னால் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. கோதண்டம் முதல் மூடியைத் திறந்து, கரண்டியால் மொண்டு, விளக்கில் வார்த்தார். சுடர் ஒருமுறை தாழ்ந்து நிமிர்ந்தது. பிறகு எல்லோருக்கும் கூழ் ஊற்றினார்கள். முருங்கைக்கீரையோடும் கருவாட்டுக் குழம்போடும் ஃப்ளோரன்ஸ் இரண்டு சொம்பு குடித்தார்.

அன்று மாலையே கோதண்டம் தம் கையால் கலவைத் தொட்டியில் ஊற்றத் தொடங்கினார். ஃப்ளோரன்ஸ் எதையும் அவசரப்படுத்தவில்லை. சூட்டை நிதானமாக ஏற்றினார். வேம்பின் பங்கை முன்பைவிடச் சற்றே கூட்டினார். வேம்பில் இயல்பாகவே உள்ள கந்தகம் தூணுக்குள் பிரிந்து மணிகளின் மேல் மீண்டும் படியவேண்டும். அது மெல்லத்தான் படியும். கழன்ற போர்வையை மணிகள் மறுபடியும் இழுத்துக்கொள்ளும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. நாள்தோறும் காலையில் முதலில் காஸ்டிக் தொட்டிக்குத்தான் போனார். கரைசல் வலுவிழக்கத் தொடங்கியிருந்தது. வேறெவரும் முகம் சுளிக்கும் அந்தச் செய்தியை அவர் செல்வநாதனிடம் நல்ல செய்தியாகச் சொன்னார்.

குப்பியில் மெழுகு குறைந்தது. மங்கல் நீங்கியது. ஆடி கழியும் முன்பே, குப்பிக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளின் எழுத்து ஒன்றும் மறையாமல் தெரிந்தது. செல்வநாதன் அந்தத் தாளை வரி விடாமல் உரக்கப் படித்தார். நீல டிரம்மை வண்டியில் ஏற்றி அனுப்பிவிடச் சொன்னதும் அன்றுதான்.

ஆடி கழிந்த மறுநாள் விடிந்து சற்று நேரத்தில், ரஞ்சித் படகின் தொட்டியில் புதிய எரிபொருளை நிரப்பினார். கரையில் குப்பமே நின்றது. ஃப்ளோரன்ஸ் மணலில் காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றார். கோதண்டத்தின் அருகில் நர்மதா நின்றாள், முகத்தில் பழைய அம்மைத் தழும்புகள் ஒன்றிரண்டு, கண்கள் தெளிந்தவை. ரஞ்சித் என்ஜினை முடுக்கினார். ஒருமுறை இருமிவிட்டு, அது சீராக முழங்கத் தொடங்கியது.

நீலா முழங்கால் அளவு நீரில் இறங்கி, புகைபோக்கிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். முகர்ந்தார், மறுபடியும் முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிறு ஏமாற்றம் இருந்தது.

"ஏன்க்கா, அத்தினி வேப்பெண்ணெ ஊத்துனோம். கோயிலு வாசனயாவது வரும்னு பாத்தேன். ஒண்ணுமே வர்லியே."

"ஒண்ணும் வராதுன்னுதானே வாக்கு குடுத்தேன்," என்றார் ஃப்ளோரன்ஸ்.

"கொஞ்சமா வந்தா இன்னாவாம்? ஆத்தா வாசனதானே."

"அத பூரா காஸ்டிக் தொட்டி குடிச்சிடுச்சி."

"குடிக்கட்டும், குடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு நீலா படகின் பின்புறத்தைத் தட்டினார். மாட்டைத் தட்டி ஓட்டுவது போன்ற தட்டல். படகு அலையை ஏறி இறங்கி, மீண்டும் ஏறி, திறந்த கடலுக்குள் சென்றது. என்ஜின் ஓசை ஒருமுறையும் தடுமாறவில்லை. கரையில் நின்ற படகுக்காரர்கள் சிலர் செல்வநாதனைச் சுற்றிக்கொண்டு, தங்கள் முறை எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

ஃப்ளோரன்ஸ் காலணியை மாட்டிக்கொண்டு கோதண்டத்தைப் பார்த்தார். "வாண்ணா போலாம். வேல கீது."

"இன்னிக்கி இன்னா மேடம் வேல?"

"காஸ்டிக் மாத்தணும். தீந்துபோச்சி."

கோதண்டம் முகத்தைச் சுளித்தார். பிறகு மகளிடம் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு அவரோடு நடந்தார்.